அடுத்தவர் ஓட்டம்

கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்புறச் சந்து ஒன்றில் இருக்கிறது எங்கள் சித்தப்பாவின் வீடு. அதன் மாடிப்படிக்குக் கீழே, கோணிச்சாக்கு போர்த்திய ஒரு மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் நின்றிருந்தது. அதன்மேல் வெங்காயக்கூடை இருந்ததுண்டு. பொங்கலுக்கு வாங்கிய கரும்பு சாய்ந்திருந்ததுண்டு. பூனை குட்டி போட்டதும் உண்டு. அதை விற்கச் சொல்லி வந்தவர்களுக்கெல்லாம் சித்தப்பா ஒரே விடைதான் சொல்வார்: "அது நிக்கட்டும்."

தந்தையை இளமையிலேயே இழந்த எங்கள் இருவரையும் வளர்த்தவர் அவர். வீட்டின் மூத்த பிள்ளை தமிழ் முதுகலை படித்துக் கல்லூரியில் கற்பிக்கப் போயிற்று. இளையது செல்லூரில் லேத் பட்டறை வைத்தது. இதை எழுதுவது மூத்தது. ஆயினும் தேடி அலைந்தவர்கள் இருவருமே ஆகையால் 'நாங்கள்' என்று எழுதுவதே முறை.

வண்டியின் பெயர் ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்.டி. 350 என்னும் பந்தயக் குணம் கொண்ட ஜப்பானிய வண்டி, 1973இல் உலகச் சந்தைக்கு வந்தது. அதையே பத்தாண்டுகள் கழித்து, 1983இல், எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இந்தியாவில் தயாரித்து ராஜ்தூத் என்ற பெயரில் விற்றது. இரட்டைச் சிலிண்டர், 347 சி.சி., ஆறு கியர். வெளிநாட்டு வண்டியில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். இங்கே வந்ததில் டிரம். பெட்ரோலைக் குடித்த வேகத்தில் நம் நாட்டுப் பணப்பை அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1980களின் இறுதியோடு தயாரிப்பு நின்றுபோயிற்று. தயாரித்த காலத்தில் சீந்துவாரில்லை. நின்ற பிறகோ தேடாதவர் இல்லை. நம் இலக்கியங்கள் பலவற்றின் கதையும் இதுதானே.

ராஜ்தூத் என்றால் அரச தூதன். தூது என்றதும் எங்களுக்கு நினைவில் வருவது மதுரைச் சொக்கநாதரிடம் தமிழையே தூதாக அனுப்பிய தமிழ்விடு தூது. 1930இல் அதைப் பதிப்பித்தவர் உ.வே.சா. அவரது சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887இல். அதே 1887இல்தான் ஜப்பானின் ஹமாமட்சு நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பழுதாகிக் கிடந்த ஆர்கனை டொராகுசு யமஹா என்பவர் பழுதுபார்த்தார். யமஹா என்ற பெயரின் தொழில் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. இருவரும் சிதைந்த ஒன்றைச் சரிசெய்யப் போய்த் தம் வாழ்நாள் வேலையைக் கண்டடைந்தார்கள் என்பது மட்டும் எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

2021இல் சித்தப்பாவுக்கு உடல்நலம் குன்றித் தேறிய பிறகு, ஒருநாள் காலை தாமாகவே கோணியை விலக்கி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அன்று மாலையே தம்பி எஞ்சினைப் பிரித்துவிட்டான். பிஸ்டன், கிராங்க் பேரிங், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாகச் சரியாயிற்று. லேத்தில் கடைய இயன்றதைக் கடைந்தான்; இயலாததை வாங்கினோம். பதிவுச் சான்றையும் புதுப்பித்தாயிற்று. எஞ்சியது ஒன்றே ஒன்று.

ஆர்.டி.யின் கைப்பிடிக்கு நடுவே இரண்டு வட்ட மீட்டர்கள் அருகருகே இருக்கவேண்டும். இடப்பக்கம் ஸ்பீடோமீட்டர், வலப்பக்கம் ஆர்.பி.எம். மீட்டர். எங்கள் வண்டியில் வலக்கண் மட்டுமே இருந்தது. இடக்கண் இருந்த இடத்தில் வெறும் வளையம்.

காரணம் எங்களுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். 1987இல் சித்தப்பா சோழவரம் பந்தயத்துக்குப் போனவர். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்கள் அந்நாளில் பெரும்புகழ் பெற்றவை. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான களம் வரும்வரை, வேகத்தில் ஆசை வைத்த தமிழ்நாட்டு இளைஞர்களுக்குச் சோழவரமே திருத்தலம். பந்தயத்தில் இறங்கும் வண்டியில் உடைந்து சிதறக்கூடிய விளக்கு, இண்டிகேட்டர் முதலியவற்றைக் கழற்றிவிடுவார்கள். ஸ்பீடோமீட்டரும் அங்கே வேண்டாத சுமைதான். ஓட்டுபவனுக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பது தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இரட்டை வீச்சு எஞ்சினின் முழு ஆற்றலும் ஒரு குறுகிய சுழற்சி எல்லைக்குள்தான் பொங்கும்; அந்த எல்லையைவிட்டு முள் கீழே இறங்காமல் கியரை மாற்றத் தெரிந்தால் போதும். ஆகவே ஆர்.பி.எம். மட்டும் மிஞ்சியது. சித்தப்பா பரிசு எதுவும் பெறாமல் திரும்பி வந்தார். கழற்றிய ஸ்பீடோமீட்டர் அங்கேயே தொலைந்துவிட்டது என்று சொன்னார்.

அதைத் தேடித் தருவது என்று முடிவு செய்தோம். மூன்றாண்டுகள் ஆயின.

மதுரைக் கடைகளில் எங்களுக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் ஒன்றே: "ஆர்.எக்ஸ். ஹன்ட்ரட் மீட்டர் இருக்கு, வச்சுக்கிருங்க." அது ஒற்றை மீட்டர் வண்டி; அதன் மீட்டர் ஆர்.டி.யின் வளையத்தில் அமராது. பிறகு சென்னைப் புதுப்பேட்டை. தெருவின் இருமருங்கும் கதவுகள் ஒருபுறம், பம்பர்கள் ஒருபுறம், மீட்டர்கள் கோத்த கம்பிகள் ஒருபுறம் என்று வண்டிகளின் உறுப்புகள் மட்டுமே வாழும் ஊர் அது. அங்கே பொருள் மூவகைப்படும் என்று கற்றோம். பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் ஒன்று. அது பேச்சில் அடிக்கடி வரும், கண்ணில் படாது. வண்டியிலிருந்து கழற்றியது இரண்டாவது. டூப்ளிகேட் மூன்றாவது. மூன்றாவதை இணையத்தில் ஒருவரிடம் வாங்கி ஏமாந்தோம். கண்ணாடி பளபளத்தது, முள் காய்ச்சல்காரன் கைபோல் நடுங்கியது, எண்களின் வடிவமோ வேறு. அமெரிக்காவிலிருந்து தருவிக்கலாம் என்றார்கள். அந்நாட்டு மீட்டர் மைல் கணக்குச் சொல்லும்.

ஜப்பானியப் பழம்வண்டிகளின் மோகம் உலகெங்கும் இருக்கிறது. அங்கே தயாரித்தவர்களே இப்போது திரும்பிவந்து கை கொடுக்கிறார்கள். மஸ்டா நிறுவனம் 2017இல் தன் முதல் தலைமுறை ரோட்ஸ்டர் காரைப் புதுப்பித்துத் தரும் பணியைத் தொடங்கி, நார்டி மரச் ஸ்டியரிங் உள்ளிட்ட பாகங்களை மீண்டும் செய்து விற்றது. டொயோட்டாவும் தன் 2000ஜிடி காருக்குச் சில பாகங்களை மறுபடி வார்த்துத் தருகிறது. அந்தக் காரின் உட்புற மரப்பலகையை முதலில் செய்து கொடுத்தது யமஹா. இசைக்கருவி செய்து தேர்ந்த கை அது. எங்கள் ராஜ்தூதுக்கு அப்படி வருவார் எவருமில்லை. இங்கே மெக்கானிக்குகளின் கைபேசி எண்களே பாக அட்டவணை.

அலைந்த நாள்களில் எங்களுக்கு நாங்களே ஒரு பெருமிதத்தை ஊட்டிக்கொண்டோம். ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராகப் போன பதிப்பாசிரியர்களின் வேலையைத்தான் நாமும் செய்கிறோம், சிதைந்த இடத்தை நிரப்புகிறோம், இடைச்செருகலை நீக்குகிறோம், மூலபாடத்தை மீட்கிறோம். வகுப்பில் பதிப்பியல் நடத்தும்போது இந்த ஒப்புமையைச் சொல்லி மாணவர்களைச் சிரிக்கவைத்ததும் உண்டு.

அந்தப் பெருமிதம் உடைந்தது கோவையில். பந்தயத்துக்கும் அந்த ஊருக்கும் நெடுநாள் உறவு. ஃபார்முலா மாருதி என்ற எளிய பந்தயக் காரை உருவாக்கிய கரிவரதனின் ஊர். அவர் பெயரால் 2003இல் களமே அமைந்த ஊர். அங்கே தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவரிடம் மீட்டர் இருப்பதாக 2024இல் தகவல் வந்தது. போனோம். பழைய பனியன் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துத் தந்தார். அசல்தான். எண்ணுருளை 37,462 என்று காட்டியது. விலை பேசி முடித்ததும் தம்பி மகிழ்ச்சியில், "இது எந்த வண்டியில இருந்ததுங்க?" என்று கேட்டான்.

"ஒயரிங் தீப்புடிச்ச வண்டிங்க. சரி பண்ணியிருக்கலாம். ஆனா ஒருத்தருக்கு டேங்க் வேணும்னாங்க, ஒருத்தருக்கு கிராங்க் வேணும்னாங்க. இதக் கழட்டுன அன்னிக்கு ஒண்ணும் மிச்சமில்லீங்க" என்றார் அவர்.

திரும்பும் பேருந்தில் நாங்கள் அதிகம் பேசவில்லை. எங்கள் ஒப்புமையில் இருந்த பிழை அப்போதுதான் விளங்கியது. ஓலையைப் பெயர்த்தெழுதினால் மூல ஓலைக்கு ஒன்றும் நேராது. ஒரு சுவடி இரண்டாகும். வண்டியிலிருந்து மீட்டரைப் பெயர்த்தால் அந்த வண்டி குருடாகும். இனி வார்க்கப்படாத பாகம் ஒன்று நமக்குக் கிடைக்கிறது என்றால், எங்கோ ஒரு வண்டி பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். கிடைத்ததே என்று நாம் மகிழும் ஒவ்வொரு முறையும் ஒரு மரணச் செய்தியைத்தான் வாசிக்கிறோம்.

வீட்டுக்கு வந்து மீட்டரைச் சித்தப்பாவின் கையில் வைத்தோம். முகம் மலரும் என்று எதிர்பார்த்தோம். அவர் முள்ளைப் பார்க்கவில்லை, எண்ணையும் பார்க்கவில்லை. சட்டென்று கவிழ்த்தார். மண்ணெண்ணெய்த் துணியால் அடிப்பக்கத்து விளிம்பைத் தேய்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விரிசல் பார்க்கிறார் என்று எண்ணினோம்.

"நல்லவேள" என்றார்.

"என்ன சித்தப்பா?"

"ஒண்ணுமில்ல. என்னோடது இல்ல."

பிறகுதான் சொன்னார். சோழவரத்தில் மீட்டர் தொலையவில்லை. தூத்துக்குடியிலிருந்து இன்னொரு ராஜ்தூதில் வந்திருந்த இளைஞர் ஒருவர் பயிற்சி ஓட்டத்தில் சறுக்கி விழுந்ததில் அவருடைய மீட்டர் நசுங்கிவிட்டது. வண்டி அவருடைய அண்ணனுடையது. சொல்லாமல் எடுத்து வந்தது. உடைந்த மீட்டரோடு வீட்டுக்குப் போகமுடியாது என்று அழுதிருக்கிறார். கழற்றித் தம் பையில் வைத்திருந்ததைச் சித்தப்பா எடுத்துக் கொடுத்துவிட்டார். ஊர் போய் அனுப்புகிறேன் என்றவரிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. மீட்டர் வரவில்லை. சித்தப்பாவும் கேட்கவில்லை. கொடுக்கும்போது, அடையாளத்துக்காக அடிவிளிம்பில் ஆணியால் 'ம' என்று கீறியிருந்தார். மதுரைக்கு 'ம'.

"இதுல அது இருந்திருந்தா, அவன் வண்டியப் பிரிச்சு வித்துட்டாய்ங்கன்னு அர்த்தம். இல்ல. அப்போ அது எங்கயோ ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்."

அவருடைய தருக்கத்தில் ஓட்டை இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அந்த வண்டி எப்போதோ இரும்புக்கடைக்குப் போயிருக்கலாம். நாங்கள் அதைச் சொல்லவில்லை.

மீட்டர் வேலைசெய்யும் விதம் எளியது. முன்சக்கரத்திலிருந்து ஏறிவரும் கேபிள் உள்ளே ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைத் தொடாமல் சூழ்ந்திருக்கும் உலோகக் கிண்ணத்தைக் காந்தத்தின் சுழற்சி தன்னோடு இழுக்கும். மயிரிழைச் சுருள்வில் அதைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டு இழுப்புக்கும் இடையே முள் நிற்கும் இடம் வேகம். வண்டி நின்றால் முள் பூச்சியத்துக்குத் திரும்பி எல்லாவற்றையும் மறந்துவிடும். அதே கேபிள் பல்சக்கரங்களால் திருப்பும் எண்ணுருளைகளோ எதையும் மறப்பதில்லை.

சித்தப்பா மீட்டரைக் கழற்றியபோது அவருடைய ஓட்டம் பதினோராயிரத்துச் சொச்சம். கேபிள் இன்றி ஓட்டிய காலம் எந்தக் கணக்கிலும் இல்லை. எண்ணுருளையைப் பிரித்து அதற்கே திருப்பி வைக்கட்டுமா என்று தம்பி கேட்டான். அவனுக்கு அரைமணி நேர வேலை.

"அடுத்தவன் ஓட்டத்த அழிக்காதடா" என்றார் சித்தப்பா. "அது நின்ன எடத்துல இருந்து ஓடட்டும்."

மறுநாள் விடியுமுன் தம்பி ஓட்ட, அவர் பின்னால் அமர்ந்து கிளம்பினார்கள். கல்லூரி வாத்தியார் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தது. ஏ.வி. பாலத்தில் ஆளரவம் இல்லை. கீழே வைகையில் நீரைவிட மணலும் புதரும் அதிகம். சிம்மக்கல் வரை போய்த் தேநீர் குடித்துத் திரும்பினோம். வீட்டு வாசலில் மூவரும் குனிந்து பார்த்தோம். 37,465.