மூன்று கட்டம் போட்ட நோட்டு



"டீச்சர், ஒரு மாசமா ஒண்ணும் எழுதலையே, உடம்புக்கு முடியலையா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்த 66 வயதில் நான் மறுபடியும் மாணவியாகிவிட்டேன், அதுதான் காரணம். இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வேலை முடிந்து உட்கார்ந்து படியுங்கள்.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஐந்து வயது. வீட்டில் கண்ணன் என்று கூப்பிடுவோம். மூன்று வயதில் அவனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். உறவுக்காரர்களில் சிலருக்கு இது தெரியும், சிலருக்கு இப்போதுதான் சொல்கிறேன். மறைக்க இதில் ஒன்றும் இல்லை. மகளும் அவனும் இப்போது ஸ்ரீரங்கத்தில் என்னோடுதான் இருக்கிறார்கள். அவள் வேலைக்குப் போவதால், வாரம் மூன்று நாள் 1ஆம் நம்பர் பஸ்ஸில் அவனை ஏற்றிக்கொண்டு திருச்சியில் ஒரு பயிற்சி மையத்துக்கு நான்தான் போகிறேன். அங்கே பெரியவர்களும் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது விதி. அப்படிக் கற்றுக்கொண்டதுதான் அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ், சுருக்கமாக ஏ.பி.ஏ. தமிழில் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு என்று சொல்லலாம்.

பெயரைக் கேட்டதும் பயந்துவிட்டேன். உள்ளே போனால் எல்லாம் பழைய ஆட்கள்! 1979இல் ஆசிரியர் பயிற்சி முடித்தபோது பாவ்லோவின் நாய், தார்ண்டைக்கின் பூனை, ஸ்கின்னரின் எலி மூன்றையும் மனப்பாடம் செய்தோம். முயன்று தவறிக் கற்றல், ஆக்கநிலையிறுத்தம் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். தேர்வு முடிந்ததும் நாய், பூனை, எலி மூன்றும் ஓடிவிட்டன. 35 வருஷம் வகுப்பறையில் நின்றபோது ஒருநாளும் அவற்றை நான் தேடவில்லை.

ஸ்கின்னர் 1938இல் எழுதிய புத்தகத்தின் சாரம் ரொம்ப எளிது. ஒரு செயலுக்குப் பின்னால் என்ன கிடைக்கிறதோ, அதைப் பொறுத்து அந்தச் செயல் கூடும் அல்லது குறையும். 1968இல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர், வுல்ஃப், ரிஸ்லி என்ற மூன்று பேர், இதை ஆய்வுக்கூடத்து எலியோடு நிறுத்தாமல் மனிதர்களின் அன்றாட வாழ்க்கைக்குப் பயன்படுத்துவது எப்படி என்று ஒரு கட்டுரையில் வரையறுத்தார்கள். ஏ.பி.ஏ. துறைக்கு அதுதான் அடித்தளம்.

கண்ணனின் பிரச்சினை சாப்பாட்டு நேரம். தட்டு முன்னால் உட்கார வைத்ததும் கத்துவான், தரையில் படுத்துப் புரளுவான். பயிற்சி தரும் பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. அவள் சொன்னாள்: "மேடம், பிடிவாதம், கோபம்னு எல்லாம் எழுதாதீங்க. கத்துறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அவன் என்ன செஞ்சான், அதுக்குப் பின்னாடி என்ன நடந்துச்சு. இந்த மூணு மட்டும் ஒரு வாரம் எழுதிட்டு வாங்க."

எனக்கா ரெஜிஸ்டர் எழுதத் தெரியாது? 40 பக்க நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டேன். முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு. வார முடிவில் எண்ணிப் பார்த்தால் 23 முறை கத்தியிருக்கிறான். அதில் 14 சாப்பாட்டு நேரத்தில். மூன்றாவது கட்டத்தை மேலிருந்து கீழே படித்தேன். "போன் கொடுத்தேன்." "போன் கொடுத்தேன்." "தட்டை எடுத்துவிட்டேன்." "போன் கொடுத்தேன்." எல்லாம் என் கையெழுத்து. அவன் நடத்தையைக் கண்காணிக்கிறேன் என்று நினைத்து என் நடத்தையை எழுதி வைத்திருக்கிறேன்.

இங்கேதான் முதல் கலைச்சொல் வருகிறது: வலுவூட்டல். ஒரு செயலுக்குப் பின் ஏதோ ஒன்று கிடைத்து அதனால் அந்தச் செயல் கூடினால் அது நேர்மறை வலுவூட்டல். பிடிக்காத ஒன்று விலகி அதனால் அந்தச் செயல் கூடினால் அது எதிர்மறை வலுவூட்டல். எதிர்மறை என்றதும் நாம் தண்டனை என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் பயிற்சிக் காலத்தில் அப்படித்தான் தப்பாக எழுதினேன். இரண்டு வலுவூட்டலும் செயலைக் கூட்டுபவைதான். எங்கள் வீட்டையே பாருங்கள். கண்ணன் கத்தினான், போன் கிடைத்தது. அது அவனுக்கு நேர்மறை. போன் கொடுத்தேன், சத்தம் நின்றது. அது எனக்கு எதிர்மறை. அவன் கத்துவதற்குப் பழகினான், நான் கொடுப்பதற்குப் பழகினேன்.

சரி, கொடுக்காமல் இருந்து பார்ப்போம் என்று நானாக முடிவு செய்தேன். ஆசிரியர் கர்வம். வலுவூட்டி கிடைக்காவிட்டால் நடத்தை மெல்ல மறையும் என்பது உண்மைதான், அதை எக்ஸ்டிங்ஷன் என்கிறார்கள். ஆனால் மறைவதற்கு முன் அது ஒருமுறை பெரிதாகவும் கூடும். அணையப் போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்று நம் வீட்டில் சொல்வோமே, அதேதான். முதல் நாள் 25 நிமிஷம் கத்தினான். ஊரிலிருந்து வந்திருந்த சின்ன அத்தை, "பச்சப் புள்ளய இப்படி அழ விடறியே, நீயெல்லாம் டீச்சரா?" என்றார். 26ஆவது நிமிஷம் போனைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மையத்தில் அந்தப் பெண் திட்டவில்லை. "25 நிமிஷம் கத்தினா கிடைக்கும்னு நேத்து கத்துக்கிட்டான், அவ்வளவுதான் மேடம்" என்றாள். எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் ஆளை விடாமல் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்யும்வரை, தினக்கூலியில் பாதியைச் சீட்டுக் கடையில் கொடுத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். தினமும் பரிசு விழுந்ததாலா வாங்கினார்கள்? எப்போதோ ஒருநாள் விழுந்ததால்.

பிறகு அவள் சொன்னதுதான் முக்கியம். "வெறுமனே நிறுத்தினா போதாது. கத்தி அவன் எதைக் கேக்குறானோ, அதைக் கேக்க வேற வழி சொல்லிக் கொடுங்க." ஒரு நடத்தை பெரும்பாலும் நான்கில் ஒன்றுக்காக நடக்கிறதாம்: பிறருடைய கவனம், வேண்டிய பொருள், பிடிக்காததிலிருந்து தப்பிப்பது, உடம்புக்கு உள்ளேயே கிடைக்கும் ஒரு இதம். நோட்டை இருவரும் சேர்ந்து படித்தோம். ரசம் சாதமும் தயிர் சாதமும் உள்ள நாட்களில் அவன் கத்தவில்லை. கூட்டு, பொரியல் பிசைந்து வைத்த நாட்களில்தான் கத்தினான். போன் பிறகு சேர்ந்துகொண்ட லாபம். முதலில் அவன் கேட்டது விடுதலை. நாக்கில் அந்தப் பிசுபிசுப்பு அவனுக்குத் தாங்கவில்லை, சொல்ல வாய் வரவில்லை.

"போதும்" என்று ஒரு அட்டை செய்தோம், கை காட்டும் படத்தோடு. அதைத் தொட்டால் தட்டு உடனே நகர்ந்துவிடும். போன் சாப்பாட்டுக்குப் பிறகு, பத்து நிமிஷம். "முதல்ல இது, அப்புறம் அது" என்பதற்கு இந்தத் துறையில் பிரிமாக் கோட்பாடு என்று பெயர். 1959இல் டேவிட் பிரிமாக் என்பவர் சொன்னது. அதன் செல்லப் பெயர் என்ன தெரியுமா? பாட்டி விதி! கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அட்டையைத் தொடுவதற்கு முதலில் அவன் கையைப் பிடித்து வைத்தோம். பிறகு முழங்கையை மட்டும் லேசாகத் தொட்டோம். பிறகு கண்ணால் காட்டினோம். இதைத் தூண்டுதவி தருதல், பிறகு மெல்ல விலக்குதல் என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. விஜயதசமி அன்று அரிசித் தட்டில் விரலைப் பிடித்து "அ" எழுத வைப்போம். பிறகு புள்ளி வைத்துக் கொடுப்போம். பிறகு புள்ளியைக் குறைப்போம். உங்களில் எத்தனை பேர் கையை நான் அப்படிப் பிடித்திருக்கிறேன்! கோணல் எழுத்துக்கும் முதலில் "நல்லா இருக்கு" என்று சொல்லி, மெல்ல மெல்ல நேராக்குவதற்கு வடிவமைத்தல் என்று பெயர். ஒன்றாம் வகுப்பு டீச்சர்கள் எல்லோரும் பெயர் தெரியாமல் செய்துவந்ததுதான்.

இப்போது மன்னிப்புக்கு வருகிறேன்.

தண்டனை என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் ஒரு கண்டிப்பான அர்த்தம் உண்டு. எதைச் செய்த பிறகு அந்த நடத்தை குறைகிறதோ, அதுதான் தண்டனை. குறையவில்லை என்றால் அது தண்டனை இல்லை, வெறும் அடி. நாம் என்ன நினைத்துச் செய்தோம் என்பது கணக்கில் வராது. அடுத்த நாள் அந்த நடத்தை கூடியதா, குறைந்ததா என்பது மட்டுமே கணக்கு. இதை அந்தப் பெண் சொன்னபோது பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

90களில் நாலாம் வகுப்பில் என்னிடம் ஒரு பையன் இருந்தான். பெயர் சொல்ல மாட்டேன். காவிரிக் கரைப் பக்கத்து வீடு. கணக்கில் கெட்டிக்காரன், மனக்கணக்கில் என்னையே முந்துவான். தமிழ் வாசிக்கும் நேரம் வந்தால் மட்டும் பக்கத்துப் பையனைக் கிள்ளுவான், பலகையைத் தட்டுவான். "வெளியே போய் நில்லு" என்பேன். வேப்ப மரத்தடியில் நிற்பான். மறுநாளும் அதே. சில நாள் பிரம்பும் எடுத்தேன். ஒரு வருஷம் முழுக்க இது நடந்தது. இவ்வளவு தண்டித்தும் திருந்தவில்லையே என்று ஆசிரியர் அறையில் குறைப்பட்டுக்கொண்டேன்.

அன்றிரவு கண்ணன் தூங்கிய பிறகு, அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு அந்தப் பையனுக்காக எழுதினேன். முன்நிகழ்வு: வாசிப்பு நேரம், அவன் முறை நெருங்குகிறது. நடத்தை: கிள்ளினான். பின்விளைவு: வாசிக்காமல் தப்பித்தான். அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. நாற்பது பேர் முன்னால் அது தெரிந்துவிடாமல் இருக்க, தினமும் ஒரு கிள்ளலை விலையாகக் கொடுத்தான். நான் தினமும் வாங்கிக்கொண்டு அவனை விடுவித்தேன். நான் தண்டனை என்று நினைத்தது அவனுக்கு வலுவூட்டல். அந்த ஒரு வருஷத்தில் அவன் கிள்ளக் கற்றுக்கொண்டான், வாசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. அதைக் கற்பித்தது நான்.

அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டான். தம்பி, இதை யாராவது உனக்குப் படித்துக் காட்டினால் கேட்டுக்கொள். நீ முரடன் இல்லை. உனக்கு வாசிப்பு வரவில்லை என்பதை நான் கண்டுபிடிக்கவில்லை. தப்பு என்னுடையது. ஒருநாள் வீட்டுக்கு வா.

2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அப்போது நாங்கள் சிலர், "கையைக் கட்டிட்டாங்க, இனிமே எப்படிப் பாடம் நடத்துறது?" என்று முணுமுணுத்தோம். இப்போது கேட்டால் சொல்வேன்: நோட்டுப் போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. இந்த ஏ.பி.ஏ.வுக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. 1960களில் அமெரிக்காவில் லோவாஸ் என்பவர் ஆட்டிசக் குழந்தைகளிடம் மின் அதிர்ச்சியைக்கூடப் பயன்படுத்தினார். ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களான பலர், "எங்களை மற்றவர்களைப் போல நடிக்க வைத்தார்கள்" என்று இன்று வருத்தத்தோடு எழுதுகிறார்கள். என் அண்ணனும் ஒருநாள் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கோயில் யானைக்குப் பழக்குற மாதிரி இருக்கே" என்றார். சுருக்கென்றது. கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் நாங்கள் போன வேறொரு இடத்தில், கண்ணன் சந்தோஷம் வந்தால் கைகளைப் பறவை மாதிரி அடித்துக்கொள்வதை நிறுத்தச் சொன்னார்கள். கையைப் பிடித்து மடியில் வைத்தார்கள். என் மகள் கேட்டாள்: "அவன் கையை ஆட்டுறதால யாருக்கு என்ன நஷ்டம்?" பதில் இல்லை. அங்கே போவதை நிறுத்திவிட்டோம். 1968 கட்டுரை சொல்லும் ஏழு அம்சங்களில் முதலாவதே இதுதான்: மாற்ற நினைக்கும் நடத்தை அந்த மனிதருடைய வாழ்க்கைக்கு உண்மையிலேயே முக்கியமானதாக இருக்க வேண்டும். "போதும்" என்று சொல்லத் தெரிவது அவனுக்கு முக்கியம். கையை ஆட்டாமல் இருப்பது, பார்க்கிற நமக்குத்தான் முக்கியம். இன்றும் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ரயில் வந்தால் அவன் இரண்டு கையையும் அடித்துக்கொண்டு குதிப்பான். யாராவது பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

கண்ணன் இப்போது எப்படி என்று கேட்பீர்கள். ஆட்டிசம் போய்விடவில்லை. அது போகிற நோயும் இல்லை. போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் கத்தியது மூன்று முறை. அட்டையைத் தொட்டது 11 முறை. ஒருமுறை அட்டையைத் தேடி, கிடைக்காமல், என்னைப் பார்த்து "போ..." என்றான். மீதி எழுத்து வரவில்லை. தட்டை உடனே எடுத்துவிட்டேன். அடுப்படியில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உங்களில் பலர் இன்று அப்பா அம்மா, சிலர் ஆசிரியர்கள். பிள்ளை பேச்சில், பழக்கத்தில் வித்தியாசமாகத் தெரிந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது, சான்றிதழும் சலுகைகளும் உண்டு. தன்னையே கடித்துக்கொள்ளும், தலையை மோதிக்கொள்ளும் குழந்தையிடம் "கண்டுகொள்ளாமல் விடுவது" என்ற சோதனையை வீட்டில் நீங்களாகச் செய்யாதீர்கள், பயிற்சி பெற்றவரைக் கேளுங்கள்.

மற்றபடி எந்தப் பிள்ளையானாலும், கை ஓங்குவதற்கு முன் ஒரு வாரம் மூன்று கட்டம் போட்டு எழுதிப் பாருங்கள். மூன்றாவது கட்டத்தைக் கவனமாகப் படியுங்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் நாம்தான்.

எல்லோரும் நன்றாக இருங்கள். திருச்சிப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாங்க. கண்ணன் உங்களைப் பார்த்துப் பேசமாட்டான், ஆனால் நீங்கள் வந்த பஸ் நம்பரைக் கேட்டால் மறக்கமாட்டான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஸ்ரீரங்கம்.