பேசாத் துணை

திருவண்ணாமலை இரமணாசிரமத்தில், 1948ஆம் ஆண்டு மறைந்த இலட்சுமி என்னும் பசுவுக்குச் சமாதி உண்டு. விலங்கை உறவாகக் கொள்வது எங்கள் ஊருக்குப் புதிதன்று. பக்கவாதத்தால் பேச்சிழந்த என் தந்தையார், நலம் கேட்க வந்தோருக்கு விடைகூற இயலாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்கள் நாய் மணி கட்டிலருகே வந்து அமர்ந்தால் மட்டும் அவர் கை தானே நீளும். அது கேள்வி கேட்பதில்லை, விடையும் எதிர்பார்ப்பதில்லை.

இத்தகைய ஆறுதலைப் பிறருக்கும் வழங்கவே 1991ஆம் ஆண்டு ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் 'டாக்டர் டாக்' திட்டத்தைத் தொடங்கினார். சென்னை ப்ளூ கிராஸ் அமைப்பும் அதனை ஏற்று நடத்தியது. குரைக்காத, தாவாத, புதியவர் தொட்டாலும் அமைதி குலையாத நாய்களே நோயுற்றோரிடம் அழைத்துச் செல்லத் தக்கவை. அத்தகைய நாயை வளர்ப்போர் அதன் அன்பைத் தம் வீட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை.