பற்றுப் பக்கம்

2023 டிசம்பர் 20
கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை என்று ரேடியோவில் சொன்னார்களாம். உடன்குடியில் எங்கள் குடோனுக்குள் இடுப்பளவு தண்ணீர். அடியில் அடுக்கியிருந்த கருப்பட்டி அத்தனையும் கரைந்து, தண்ணீர் கட்டன்சாயா நிறத்தில் நிற்கிறது. மேல் அடுக்குகளும் ஈரம் இழுத்துக் கசிகின்றன. பாளை சீவி, கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி, பதநீரைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுத்தது. எத்தனை குடும்பங்களின் பாடு! குடோன் முழுக்க இனிப்பு வாசம். நிற்க முடியவில்லை.

டிசம்பர் 24
பேரேடுகளை வெயிலில் காயப்போட்டோம். முன்பணப் பேரேட்டில் பல பக்கங்களில் பனையேறிகளின் பெயர் இருக்கிறது, தொகை அழிந்துவிட்டது.

2024 ஜனவரி 9
"இந்த சீசன் யாவாரம் பண்ணலடே. நீ வேற எடம் பாத்துக்கோ" என்றார் முதலாளி அண்ணாச்சி. அவர் மேல் கோபமில்லை. அவர் இழந்தது என்னைவிட அதிகம். எனக்கு 36 வயது. பி.காம்., டேலி. வேறு எந்த இடம்?

ஜனவரி 22
சென்னையிலிருந்து சித்தி மகன் தன் பழைய லேப்டாப்பை அனுப்பியிருக்கிறான். "பைத்தான் படிண்ணே. கணக்கு எழுதின கைக்கு வரும்." து. நித்யாவின் ‘எளிய தமிழில் MySQL’ நூலையும் அதில் ஏற்றியிருந்தான். வெளியிட்டவர்கள் கணியம். 2012 முதல் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், பகிரலாம் என்று விட்டுவிடுகிறார்கள். விலை எங்கே போட்டிருக்கிறது என்று முன்னும் பின்னும் தேடினேன். இல்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு
சித்தி மகன் சொன்ன இணையச் சந்திப்பில் சேர்ந்தேன். கல்லூரிப் பிள்ளைகள், வேலையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்ற ஒருவர். என் முறை வந்ததும், "கட்டணம் எவ்வளவுங்க?" என்றேன். "அதெல்லாம் இல்லண்ணே, எங்க நிக்குதுன்னு சொல்லுங்க" என்றது ஒரு குரல். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். திருச்சியாம். மற்றவர்கள் போன பிறகும் ஒரு மணி நேரம் கூட இருந்து, என் திரையைப் பார்த்து ஒவ்வொரு வரியாகச் சொல்லித் தந்தார்.

இரவு தூக்கம் வரவில்லை. இந்த ஊரில் கொடுத்தவர் யாரும் எழுதாமல் விட்டதில்லை. எழுதியதே நான்தான். சீசனுக்கு முந்திக் கொடுக்கும் நூறு ரூபாய்க்கும் ஒரு வரி உண்டு. அந்த வரிக்குப் பின்னால், கருப்பட்டியை எங்களுக்கு மட்டுமே, நாங்கள் சொல்லும் விலைக்கே போடவேண்டும் என்ற எழுதாத வரியும் உண்டு. ஒரு மணி நேரம் கொடுத்தவருக்கு என்ன வேண்டும்? டைரியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, பற்றுப் பக்கம் எழுதினேன்: திருச்சித் தம்பி, ஒரு மணி நேரம். வரவுப் பக்கம் காலி.

பிப்ரவரி 28
குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. பிள்ளைகளுக்கு வேலை வரும் என்கிறார்கள். வரட்டும்.

மார்ச் 10
‘உடன்குடி’யில் எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேட்டேன். 8 என்றது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட 5 என்று சொல்லும். குழுவில் போட்டேன். ஓய்வு பெற்ற ஐயா விளக்கினார். யூனிகோடில் ‘ன்’ ஒரே எழுத்து இல்லை, னகரமும் புள்ளியும். ‘கு’வும் ‘டி’யும் அதே மாதிரி இரண்டிரண்டு. 1988-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வந்த இஸ்கி முறையை அடியொற்றித் தமிழுக்கும் இப்படி அமைந்ததாம். எழுத்துக்கு ஓர் இடம் என்ற டேஸ் 16 முறையைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றும், புழக்கத்தில் யூனிகோடுதான் நிலைத்தது. முத்து அண்ணாமலையும் நண்பர்களும் செய்த ‘ஓப்பன் தமிழ்’ நிரலகத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டேன். உ, ட, ன், கு, டி. ஐந்து!

இவர்கள் பெயரையெல்லாம் பற்றில் எழுத இடம் போதாது.

மார்ச் 14
ஒன்றும் ஓடவில்லை. இந்த வயதில் இது தேவையா?

மார்ச் 30
அப்பாவிடம் கேட்டேன், பனை ஏறின காலத்தில் எவ்வளவு முன்பணம் வாங்குவீர்கள் என்று. தொகையைச் சொல்லவில்லை. "வாங்கிட்டா வெல கேக்க வாய் வராதுல்லா" என்றார். காலில் தளைநார் போட்டுத் தேய்ந்த தடம் இன்னும் கருத்திருக்கிறது.

ஏப்ரல் 17
நாசரேத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண், தன் பெயரின் எழுத்துக்கணக்கு தப்பாக வருகிறது என்று குழுவில் கேட்டிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் இடக்கையாலேயே பதில் தட்டினேன். புரியவில்லை என்றாள். போன் போட்டுச் சொன்னேன். குழம்பு ஆறிவிட்டது என்று வீட்டில் சத்தம்.

மே 3
வேறொரு அண்ணாச்சி கணக்கெழுதக் கூப்பிடுகிறார். மூன்று மாதச் சம்பளம் முன்பணமாக, நாளைக் காலை ஆள் கொண்டுவருவான். திருநெல்வேலியில் ஒரு சின்ன கம்பெனி திங்கட்கிழமை தேர்வுக்கு வரச் சொல்லியிருக்கிறது. எடுத்தாலும் முதல் ஆறு மாதம் பழைய சம்பளத்தில் பாதிதான். ஜூனில் பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ். "துட்ட வாங்கிருங்க, ராத்திரி படிங்க" என்கிறாள் இவள். அவள் சொல்வதில் தப்பில்லை. அப்பா வாயே திறக்கவில்லை.

MySQL-இல் ஜாயின் இன்னும் பிடிபடவில்லை. நித்யா புத்தகத்தில் அந்தப் பகுதியை மறுபடி பார்க்கணும். ஞாயிறு கூட்டத்திலும் கேட்கணும்.