நெவார்க்–சென்னை, நேரடி

பிள்ளைகள் தூங்கிய பிறகு நான் விமானக் கம்பெனி நடத்துகிறேன். கைப்பேசியில்தான். ‘ஏர்லைன் மேனேஜர்’ என்ற விளையாட்டு. எரிபொருள் விலை அரை மணிக்கொரு தடவை மாறும். இறங்கும்போது வாங்கிக் குவித்துக்கொள்ள வேண்டும். எந்த ஊருக்கு ஒரு நாளில் எத்தனை பயணிகள் என்று அதுவே காட்டிவிடும். பிசினஸ் வகுப்பில் ஓர் இருக்கை போட்டால் சாதாரண இருக்கை இரண்டின் இடம் போகும், முதல் வகுப்பென்றால் மூன்று. மீதி வெறும் கணக்கு. எடிசனில் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் முதலில் திறந்த வழித்தடம் நெவார்க்–சென்னை. முதல் வாரமே லாபம்.

நிஜத்தில் அதை யாரும் நேரடியாக ஓட்டவில்லை. டெல்லிக்கு 2005-லேயே நெவார்க்கிலிருந்து கான்டினென்டல் நேரடி விமானம் விட்டது. சென்னைக்காரர்களுக்குக் கிடைத்தது, 2007-ல் ஜெட் ஏர்வேஸ் பிரஸ்ஸல்ஸ் வழியாக நியூ யார்க்குக்கு விட்ட விமானம். அதுவும் நின்றது, 2019 ஏப்ரலில் அந்தக் கம்பெனியே நின்றது.

தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது. சென்னை சுமார் 13,500 கிலோமீட்டர். சிங்கப்பூர் 15,300. அங்கே நெவார்க்கிலிருந்து நேராகப் போகலாம். 2013-ல் கட்டுப்படியாகாமல் நிறுத்தி, 2018-ல் மறுபடி தொடங்கினார்கள், 161 இருக்கைகளோடு. அதில் எகானமி ஒன்றுகூடக் கிடையாது. அவ்வளவு தூரம் பறக்க, எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும். அந்தச் செலவை யாராவது கொடுத்தாக வேண்டும்.

நாம் கொடுப்போமா? என் விளையாட்டில் வரும் பயணிகள் மூன்று இணையதளங்களைத் திறந்து வைத்து விலை பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். போன வருடம் அம்மாவுக்கு மூன்று வாரம் தேடி 180 டாலர் மிச்சம் பிடித்தேன். அதற்கு விலை, வளைகுடா விமான நிலையம் ஒன்றில் பதினோரு மணி நேரக் காத்திருப்பு. நெவார்க்கில் வந்து இறங்கியபோது கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. “ஒண்ணுமில்லப்பா, உக்காந்தேதானே இருந்தேன்” என்றார். சாப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரியும்.

இந்த வருடம் மறுபடி வருகிறார். கும்பகோணத்திலிருந்து போனில் கேட்டார்: “இத்தனை பேர் இருக்கீங்களேடா அங்க, நேரா ஒரு ப்ளேன் விட மாட்டாங்களா?”

ஜூனிலும் டிசம்பரிலும்தான் நாங்கள் கூட்டமாகக் கிளம்புவோம், அக்டோபரில் விமானம் காலியாகப் போகும், நாங்களும் மலிவாகத்தான் கேட்போம் என்று விளக்க ஆரம்பித்தேன். மேனேஜர் தோரணை வந்துவிட்டது.

“சரி சரி, காபி ஆறுது” என்று வைத்துவிட்டார்.

மூன்று மணி நேரக் காத்திருப்பு உள்ள டிக்கெட் 310 டாலர் கூடுதல். கை இரண்டு முறை மலிவானதன் பக்கம் போனது. கடைசியில் இதையே போட்டேன். சக்கர நாற்காலி, சைவச் சாப்பாடு, நடைபாதை ஓரத்து இருக்கை, எல்லாம் குறித்தாயிற்று.