நள்ளிரவு, ஆறிப்போன காபி, ஒரு பிரார்த்தனை... மார்ட்டின் லூதர் கிங்கை மாற்றிய சமையலறை!

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகர் மான்ட்கோமரி. அங்கே சவுத் ஜாக்சன் தெருவில் 309-ம் எண் வீடு. 1912-ல் கட்டப்பட்ட வெள்ளை நிற மரவீடு, முன்னால் வராந்தா. டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் சபையின் போதகர்கள் குடும்பத்தோடு தங்குவதற்கான வீடு இது. இப்போது அருங்காட்சியகம். இந்த வீட்டின் முக்கியமான இடம் வரவேற்பறை அல்ல, சமையலறை!

1954-ல் இந்தச் சபைக்குப் போதகராக வந்தபோது மார்ட்டின் லூதர் கிங்குக்கு வயது 25. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லோருமே போதகர்கள். இறையியலில் முனைவர் பட்டப் படிப்பு வேறு. விசுவாசம் அவருக்குக் குடும்பச் சொத்துபோலக் கிடைத்திருந்தது. அது சொந்தமாகுமா என்று சோதிக்கும் நாள் மட்டும்தான் வரவில்லை.

1955 டிசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தார்கள். போராட்டத்துக்குத் தலைவரானார் கிங். அன்றிலிருந்து வீட்டுத் தொலைபேசியில் மிரட்டல்கள்.

1956 ஜனவரி 27. நள்ளிரவு. மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தை யோலாண்டாவும் தூங்கிவிட்டார்கள். மறுபடி மணி அடித்தது. ஊரைவிட்டுப் போகாவிட்டால் வீட்டையே தகர்ப்போம் என்றது குரல்.

அதன்பிறகு கிங்குக்குத் தூக்கம் வரவில்லை. காபி போட்டுக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்தார். குடிக்கவில்லை. கோழை என்று பெயர் வாங்காமல் ஒதுங்கிக்கொள்ள வழி உண்டா என்றுதான் யோசித்தார். படித்த இறையியல் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை; அப்பாவும் பக்கத்தில் இல்லை. மேஜையில் தலை கவிழ்ந்து, வாய்விட்டு ஜெபித்தார். பயமாக இருக்கிறது, பலம் போய்விட்டது, தான் தளர்ந்தால் மக்களும் தளர்ந்துவிடுவார்கள் என்று கடவுளிடம் ஒப்புக்கொண்டார். நியாயத்துக்காக நில், நான் உன்னோடு இருப்பேன் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டதாகப் பின்னாளில் எழுதினார்.

அதோடு ஆபத்து நீங்கிவிட்டதா? இல்லை. மூன்றே நாள்களில், ஜனவரி 30 இரவு, வராந்தாவில் குண்டு வெடித்தது. கூட்டமொன்றில் இருந்த கிங் ஓடிவந்தார். மனைவிக்கும் குழந்தைக்கும் காயமில்லை. வாசலில் கோபத்தோடு திரண்டிருந்தவர்கள் சிலர் கையில் ஆயுதம் இருந்தது. சேதமான அதே வராந்தாவில் நின்று, ஆயுதங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள், பகைவரை நேசியுங்கள் என்றார். கூட்டம் கலைந்தது. குண்டு பதித்த தடத்தை இன்றும் அந்த வராந்தாவில் பார்க்கலாம்.

அவர் பிரசங்கம் செய்த செங்கல் தேவாலயமும் அதே ஊரில் இருக்கிறது. அதற்கு மிக அருகில் மாநிலத் தலைமைக் கட்டடம். அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன மாநிலங்களின் தலைவராக ஜெஃபர்சன் டேவிஸ் 1861-ல் பதவியேற்றது அங்கேதான். அவ்வளவு பக்கத்தில் நின்று சமத்துவம் பேசுவதற்கான துணிச்சல், பிரசங்க மேடையிலிருந்து வந்ததல்ல. சமையலறை மேஜையில் பயத்தை மறைக்காமல் சொன்னதிலிருந்து வந்தது.

381 நாள்கள் நடந்த போராட்டம் வென்றது. 1959-ல் இந்தியா வந்த கிங், மனைவியோடு கன்னியாகுமரிக் கடற்கரையில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்த்தார். இருட்டப்போகிறதே என்று நினைக்கும்போதே, மறுபக்கம் நிலா எழுந்தது. ஒரு வெளிச்சம் போனாலும் கடவுள் இன்னொன்றை வைத்திருக்கிறார் என்று தன் பிரசங்கத்தில் அந்த மாலையை நினைவுகூர்ந்தார். குமரியில் பௌர்ணமி மாலையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. ஆனால், அந்த இருட்டை மான்ட்கோமரி சமையலறையில் ஏற்கெனவே கடந்து வந்தவர் அவர்.