பாலையில் பத்து மணி நேரம்

கடல் கடந்து வாழும் தமிழ்க் குடும்பம் எதுவாயினும், அதன் வாழ்க்கைக் கணக்கில் விமான நிலையங்களில் உட்கார்ந்து கழித்த நேரத்திற்கென்று தனியாக ஒரு பத்தி இருக்கும். ஊருக்குப் புறப்படும்போது விலை குறைந்த சீட்டையே தேடுகிறோம். அது கிடைத்தும் விடுகிறது. ஆனால் மிச்சப்பட்ட பணத்திற்கு ஈடாக, நடுவழியில் ஏதோ ஒரு நிலையத்தில் எட்டு மணியோ பத்து மணியோ காத்திருக்கும் கடன் நம் தலையில் ஏறுகிறது. அந்தக் கடனைத் தீர்க்கும் வகை குறித்து, எங்கள் அனுபவத்திலிருந்து சில சொற்களை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நாங்கள் கணவனும் மனைவியுமாக மெல்போர்னில் வாழ்பவர்கள். சொந்த ஊர், கோலார் தங்கவயலை அடுத்த பேத்தமங்களா. பாலாற்றின் கரையில், பெரியதோர் ஏரியைக் கட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர். ரயில் பாதை தன்னை விட்டு விலகிப் பங்காருப்பேட்டை வழியாகப் போய்விட்டதால், பழம் பெருமையை இழந்து ஒதுங்கி நின்ற ஊர் அது. ஆயினும் தங்கவயலின் பல்லாயிரம் குடும்பங்களுக்குக் குடிநீர் தந்தது அந்த ஏரிதான். பாட்டனார் வடாற்காட்டிலிருந்து பிழைப்புத் தேடிச் சுரங்கத்திற்கு வந்தார். தந்தையார் பேத்தமங்களாவின் நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்து அங்கேயே வீடும் கட்டினார். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் தங்கவயலின் பிள்ளைகள் பலரும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். சிலர் அதற்கும் அப்பால் போனார்கள். நாங்கள் அந்தச் சிலரில் சேர்ந்தவர்கள்.

தந்தையார் மறைந்தபின் அம்மா அவ்வீட்டில் தனியாக இருக்கிறார். எங்களில் ஒருவருக்கு அவர் தாய், மற்றவருக்கு மாமியார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அவரைக் காணப் புறப்பட்டோம். பன்னிரண்டு நாள் விடுப்பு. சட்டைப்பையில் செய்ய வேண்டிய காரியங்களின் பட்டியல் ஒன்று இருந்தது. வங்கிக் கணக்கு, வீட்டு வரி, கண் மருத்துவர் ஆகியவற்றுக்குப் பிறகு நான்காவது வரியில், 'வீட்டை விற்பது. அம்மாவைப் பெங்களூரில் அண்ணன் வீட்டில் விடுவது' என்று எழுதியிருந்தோம். அம்மாவைக் கேட்டு எழுதிய வரி அன்று அது.

சிங்கப்பூரின் சாங்கி நிலையத்தில் முற்பகல் பத்து மணிக்கு இறங்கினோம். பெங்களூர் விமானம் இரவு எட்டு மணிக்கு. 1981 இல் திறக்கப்பட்ட அந்நிலையம், காத்திருப்பவனுக்குச் சலிப்புத் தட்டலாகாது என்றே திட்டமிட்டது போன்றது. மூன்றாம் முனையத்தில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் உண்டு. இரண்டாம் முனையத்தில் சூரியகாந்திகள், முதலாம் முனையத்தில் கள்ளிச் செடிகள். கட்டணமில்லாமல் படம் காட்டும் அரங்கும் உண்டு. 2019 இல் திறக்கப்பட்ட மாளிகையில் நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து நீர் வீழ்கிறதாம்; அதைக் காணக் குடிநுழைவுச் சோதனையைக் கடந்து வெளியே போக வேண்டும் என்பதால் நாங்கள் போகவில்லை.

முதல் இரண்டு மணி நேரம் வேடிக்கையில் பறந்தது. பழத்தட்டில் அமர்ந்திருந்த வண்ணத்துப்பூச்சிகளைப் படம் எடுத்தோம். மூன்றாம் மணியில் கடைகளுக்குள் புகுந்து, வாங்கப் போவதில்லை என்று தெரிந்தே விலை கேட்டோம். நான்காம் மணியில் கால் வலித்தது. உட்கார்ந்தோம், பட்டியலை எடுத்தோம், நான்காவது வரியைப் பற்றி எங்களுக்குள் மெல்லச் சச்சரவு எழுந்தது. "ஒண்டியா ஒரு வயசான அம்மாவை விட்டுட்டு எப்படி நிம்மதியா இருக்கிறது?" என்றார் ஒருவர். "நிம்மதி யாருக்கு, அவங்களுக்கா நமக்கா?" என்றார் மற்றவர். பதில் எங்களிடம் இல்லை.

அருகில் இருந்த இளைஞர் எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழர் என்று அறிந்துகொண்டார். வாணியம்பாடிப் பக்கத்தவர், கட்டட வேலை, இரண்டு ஆண்டு கழித்துச் சென்னை வழியாக ஊர் திரும்புகிறார். பேத்தமங்களா என்றதும் முகம் மலர்ந்தது. "மேல இருக்கிற உங்க ஏரியெல்லாம் ரொம்பினாத்தானே அண்ணா எங்க ஆத்துல தண்ணி!" என்றார். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததைக் கைப்பேசியிலேயே பார்த்து மகிழ்ந்ததாகவும், ஓடும் ஆற்றைத் தம் கண்ணால் பார்த்தவர் தம் மகன்தான் என்றும் சொன்னார். அவர் மடிமீது ஒரு பொம்மைப் பெட்டி இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த வரையில் அதை அவர் கீழே வைக்கவே இல்லை.

அவர் விடைபெற்றுப் போனபின் அம்மாவை அழைத்தோம். ஊரில் அப்போது முற்பகல் பதினொன்றரை.

"எங்கே இருக்கீங்க?"

"சிங்கப்பூரும்மா. அடுத்த பிளேனுக்குக் காத்துக்கிட்டிருக்கோம்."

"எவ்ளோ நேரம்?"

"பத்து மணி நேரம்."

"அய்யய்யோ! பத்து மணி நேரமா? அங்கேயே குந்திக்கினு இருக்கணுமா? பொழுது எப்படிப்பா போவும்?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான்கு ஆண்டு காத்திருந்தவர், பத்து மணி நேரத்திற்காக எங்கள்மீது இரக்கப்பட்டார். அந்த இரக்கத்தில் குத்தலோ குறையோ துளியும் இல்லை. அதுதான் எங்களைச் சுட்டது.

பழந்தமிழர் அகவாழ்வை ஐந்து திணையாக வகுத்தனர். பிரிதல் பாலைக்கு உரியது. இருத்தல், அதாவது பிரிந்தவர் வரும்வரை ஆற்றியிருத்தல், முல்லைக்கு உரியது. மற்ற நான்கு திணைகளுக்கும் நிலம் உண்டு. பாலைக்கெனத் தனி நிலத்தைத் தொல்காப்பியம் வகுக்கவில்லை. எந்த ஊருக்கும் சொந்தமில்லாத, எவரும் தங்கி வாழாத விமான நிலையத்தைவிடப் பொருத்தமான பாலை வேறு ஏது? அங்கே அமர்ந்துகொண்டு, காத்திருப்பவர்கள் நாங்களே என்று எண்ணியிருந்தோம். நாங்கள் வழிப்போக்கர்கள். காத்திருப்பு என்னும் முல்லை ஒழுக்கம் பேத்தமங்களாவின் திண்ணையில் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்மாதிரி உண்டு. தங்கவயலில் பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் மனிதர்கள் வேலை செய்தார்கள். ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே தரை நடுங்கும். லைன் வீடுகளில் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் ஷாப்ட் வாசலுக்கு ஓடுவார்களாம். கூண்டு மேலே வரும். இறங்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். தம்மவர் இல்லையென்றால் அடுத்த கூண்டுக்குக் காத்து நிற்பார்கள். பாட்டி பலமுறை அப்படி நின்றதாகச் சொல்லியிருக்கிறார். "மணி தெரிஞ்சா நின்னுடலாம், மணி தெரியாமத்தான் நிக்க முடியல்லே" என்பது அவர் சொன்ன சொல்.

அச்சொல்லின் பொருள் எங்களுக்குச் சாங்கியில்தான் விளங்கியது. எதிரே பெரிய பலகை. எங்கள் விமானத்தின் எண், வாயில், புறப்படும் நேரம் எல்லாம் அதில் ஒளிர்ந்தன. பலகை இருப்பதால் பத்து மணி நேரமும் பொறுக்கக் கூடியதாயிற்று. பாரிஸ் நகரின் சார்ல் டி கோல் நிலையத்தில், உரிய தாள்கள் இன்றிச் சிக்கிக்கொண்டு, 1988 முதல் 2006 வரை வாழ்ந்த மெஹ்ரான் கரிமி நாசேரி என்னும் ஈரானியரை உலகம் அறியும். அவரைச் சுற்றிலும் பலகைகள் இருந்தன. அவருக்குரிய நேரம் மட்டும் எதிலும் இல்லை. 2022 நவம்பரில் அதே நிலையத்தில்தான் உயிர்நீத்தார். அம்மாவின் திண்ணைக்கு எதிரேயும் பலகை இல்லை. "அடுத்த வருஷம் வர்றோம்" என்று நாங்கள் சொல்லிவந்த சொல்லைப் பலகை என்று கொள்ள முடியுமா?

நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு எங்கள் வண்டி ஏரிக்கரையில் திரும்பியது. திண்ணையில் விளக்கு எரிந்தது. அம்மா விழித்திருந்தார். சோறும் கீரைக் குழம்பும் மூடி வைத்திருந்தார். "பொழுது எப்படிப்பா போச்சு?" என்று மறுபடியும் கேட்டார். வண்ணத்துப்பூச்சிகளின் படத்தைக் காட்டினோம்; கண்ணருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

மறுநாள் நான்காவது வரியை ஆணையாக அல்லாமல் கேள்வியாக அவர்முன் வைத்தோம். சற்று நேரம் பேசாமலிருந்து, "இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே இருக்கேனே. காலையில எழுந்தா ஏரிக்காத்து வருது, அது போதும்" என்றார். அந்த வரியை அவர் எதிரிலேயே அடித்துவிட்டோம். கவலை தீர்ந்துவிடவில்லை, அதைச் சுமக்க வேண்டியவர்கள் நாங்கள் என்பது தெளிவாயிற்று. பன்னிரண்டாம் நாள் புறப்படுமுன், அடுத்த பயணத்திற்கான சீட்டை அவர் பக்கத்தில் அமர்ந்தே பதிவு செய்தோம். சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அந்தத் தேதி இல்லை. அது அடுத்த ஆண்டில் வருவது. ஆகவே சுவரிலேயே, அரிசிப்பானைக்கு மேலே, அம்மா தம் கையால் கரியெடுத்து நாளும் மாதமும் எழுதிக்கொண்டார்.

அன்பர்களே, இடைவழியில் பொழுது போக்க ஆயிரம் வழி உண்டு. நிலையங்களே அவற்றைச் செய்து வைத்திருக்கின்றன. ஊரில் காத்திருப்பவர்களுக்கு அப்படிச் செய்து வைப்பார் எவரும் இல்லை. அடுத்த முறை ஊரிலிருந்து திரும்பும்போது "சீக்கிரம் வருகிறோம்" என்று சொல்லாமல், ஒரு தேதியைச் சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன தேதியில் போய்ச் சேருங்கள்.