பிரிட்டனியின் பொன் பொறி

பிரெஞ்சு தேசத்தின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் மூக்கை நீட்டிக் கொண்டிருக்கிறது பிரிட்டனி என்னும் பிரதேசம். ரென் நகரிலிருந்து மேற்கே செல்லச் செல்ல, சாலைப் பலகைகளில் பிரெஞ்சுப் பெயருடன் வேறொரு பெயரும் காணப்படும். அதுவே பிரெட்டன் பாஷை. 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டனிலிருந்து கடல் கடந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தது அது. பிரெஞ்சுக்கு உறவன்று, வேல்ஸ் மொழிக்குச் சகோதரி.

அங்கே "ஃபெஸ்ட்-நோஸ்" என்று ஒரு வைபவம் உண்டு. 'இரவு விழா' என்று பொருள். ஜனங்கள் கைகோத்து வரிசையாக ஆடுவார்கள். பழைய முறையில், பாடகர் இருவர் வாத்தியமின்றிப் பாடுவார்கள். ஒருவர் பாடும் அடியின் கடைசி அசைகளிலேயே மற்றவர் சேர்ந்து, அவ்வடியைத் திருப்பிப் பாடுவார். அவர் முடிக்குமுன் முதல்வர் மீண்டும் பிடித்துக்கொள்வார். பாட்டு அறுபடுவதே இல்லை. இப்படிச் சுழன்று வரும் பாட்டுக்கு, சலியாமல் ஒரே தாளம் தட்டும் மின்னணு யந்திரம் ஏற்ற ஜோடியாக அமைந்ததில் வியப்பென்ன?

1997-இல் தெனெஸ் பிரிஜான் என்னும் பாடகர், "க்வெர்ஸ்" என்ற புராதன சோகக் கதைப்பாட்டை யந்திரத் தாளங்களோடு இணைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ஒப்பாரிக்குக் கீழே ரயில் ஓடுவது போன்ற சேர்க்கைதான்! ஆயினும் அந்த வேகத்தில் துயரம் குன்றவில்லை. துரத்தப்படுகிறவனின் துயரமாக அது மாறுகிறது. 'என்னுள் ஒரு பொன் பொறியைக் காத்து வைத்திருக்கிறேன்' என்பது அத்தட்டின் பெயருக்குப் பொருள்.

பொறியைக் காக்க வேண்டிய அவசியம் இருந்தது. ஒரு காலத்தில், பள்ளியில் பிரெட்டன் பேசி அகப்பட்ட குழந்தையின் கழுத்தில் மரச் செருப்பு முதலிய அவமானச் சின்னத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்தபடி அகப்படும் குழந்தைக்கு அது மாறும். 1977-இல்தான் பிரெட்டனிலேயே பாடம் நடத்தும் "திவான்" பள்ளிகள் தோன்றின. அத்தகைய போதனா முறை அரசியல் சட்டத்துக்கு விரோதமானதென்று 2021 மே மாதத்தில் பிரெஞ்சு அரசியல் சட்ட மன்றம் தீர்ப்பளித்தது. மறு வருஷமே, துரின் நகரில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் பிரான்ஸின் சார்பாக ஒலித்தது பிரெட்டன் பாட்டு! மின்னணு இசைஞர் அல்வானும் "அஹெஸ்" என்ற மூன்று பெண்மணிகளும் பாடிய அதன் பெயர் "ஃபுலென்", அதாவது 'பொறி'. 25 பாட்டுகளில் 24-ஆவது இடமே கிடைத்தது. இடம் கிடக்கட்டும், பாஷை கேட்கப்பட்டது.

கேட்கப்படுவது வேறு, பேசப்படுவது வேறு. 1950-ஐ ஒட்டிப் பத்து லட்சம் பேருக்கு மேல் பேசிய பாஷையை, 2018-இல் சுமார் இரண்டு லட்சம் பேரே அறிந்திருந்தனர். 2024-இல் எடுத்த கணக்கில் 1,07,000 பேர்தாம். யந்திரத் தாளத்துக்கு ஆடும் இளைஞர் பலருக்குப் பாட்டின் பொருள் விளங்குவதில்லை. விளங்கிக்கொள்ள ஆசைப்படும் பெரியவர்களுக்காகப் பிரிட்டனியின் ஊர்களில் மாலை வகுப்புகள் நடக்கின்றன.